இடப்பக்க நாற்காலி: ராக் இசைக் கலைஞர்களையும் நகைச்சுவைக் கலைஞர்களையும் நேர்கண்ட ஒரு வானொலித் தொடரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பத்து வாரங்கள் ஒலிபரப்பான ஒரு வானொலித் தொடரில் நடந்த இரண்டு நேர்காணல்களை இங்கே பதிவு செய்கிறேன். தொடரின் தயாரிப்பாளர் நான். ஒரு வாரம் ராக் இசைக் கலைஞர், மறுவாரம் மேடை நகைச்சுவைக் கலைஞர் என்று மாற்றி மாற்றி அழைப்பது திட்டம். இரு சாராரும் மேடையையும் மைக்கையும் நம்பி வாழ்பவர்கள் என்பதால், ஒரே தொகுப்பாளரும் ஒரே அறையும் ஏறக்குறைய ஒரே வகைக் கேள்விகளும் போதும் என்று தொடக்கத்தில் எண்ணினோம். அந்த எண்ணம் எங்கே பிசகியது, அதன் பிறகு என்ன முடிவுகளை எடுத்தோம், அவற்றில் எவை சரியாக வந்தன என்பதே இந்த ஆய்வு. தொகுப்பாளரும் இரண்டு விருந்தினர்களும் இதை எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

தொகுப்பாளர் 11 ஆண்டு அனுபவம் உள்ளவர். நேயர் விருப்பப் பாடல்களில் தொடங்கி, மெல்ல நேர்காணலுக்கு வந்தவர். தாழ்ந்த, மென்மையான குரல் அவருடையது. இரவு நேர நேயர்கள் பலர் அந்தக் குரலுக்காகவே வானொலியைத் திருப்புவார்கள். ராக் இசையின் மீது அவருக்கு உண்மையான பற்று உண்டு. விருந்தினரின் ஆல்பங்களை முதலிலிருந்து கடைசி வரை கேட்டு, கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதி, அடித்து, திரும்ப எழுதி வருபவர். ஆகவே இங்கே நேர்ந்த பிழை சோம்பலால் நேர்ந்ததல்ல. நன்றாகத் தயாரித்து வந்த ஒருவருக்கு நேர்ந்தது என்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டும் என்று கருதினேன்.

முதல் நிகழ்ச்சி நேரலை. ஒலிபரப்பை 7 வினாடி பிந்தவைக்கும் தாமதக் கருவி எங்களிடம் உண்டு; தகாத சொல் ஏதாவது வந்துவிட்டால், அது நேயரை எட்டுவதற்குள் ஒலிப்பொறியாளர் ஒரு பொத்தானை அழுத்தி அந்தத் துண்டை விழுங்கச் செய்யலாம். ராக் கலைஞர் வருகிறார் என்றதும் நாங்கள் செய்த சிறப்பு ஏற்பாடு அந்தப் பொத்தானைச் சரிபார்த்து வைத்தது ஒன்றுதான். வசைச்சொல்லுக்கு ஆயத்தமாக இருந்தோம். மௌனத்துக்கு ஆயத்தமாக இல்லை.

நேரலையில் நடந்தது

விருந்தினர் நால்வர் கொண்ட ஒரு ராக் குழுவின் முதன்மைக் கிட்டார் கலைஞர். புதிய ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தின் நடுவில், அன்று மாலைக் கச்சேரிக்கான சவுண்ட் செக்கை, அதாவது மேடை ஒலியைச் சரிபார்க்கும் ஒத்திகையை, முடித்துவிட்டு நேராக எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். அன்று அது அவருடைய நான்காவது நேர்காணல். எங்கள் அறையில் தொகுப்பாளரின் இருக்கை, கட்டுப்பாட்டு மேசையை ஒட்டி நிலையாக அமைந்தது. விருந்தினர் எப்போதும் அவருடைய வலப்பக்க நாற்காலியில் அமர்வார். அதாவது தொகுப்பாளரின் குரல் விருந்தினரின் இடப்பக்கத்திலிருந்து வரும். இதை அன்றைக்கு யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

நிகழ்ச்சி தொடங்கியதும், பேச்சின் அடியில் அந்த ஆல்பத்தின் ஒரு பாடலை மெல்லிய பின்னணியாக ஓடவிட்டோம். முதல் நிமிடத்திலேயே விருந்தினர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். தொகுப்பாளர் ஒரு பாடலின் தொடக்கம் எப்படிப் பிறந்தது என்று கேட்டபோது, அவர் சற்றுத் தாமதித்து, "ஆமாம்" என்றார். குழுவுக்குள் யார் முதலில் மெட்டைக் கொண்டுவருவார்கள் என்ற கேள்விக்கு, "நல்ல பயணமாக இருக்கிறது" என்று பதில் வந்தது. பேசும்போது தலையை இடப்புறமாகத் திருப்பி, தொகுப்பாளரின் வாயையே உற்றுப் பார்த்தார். விரல் நுனிகளால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தட்டல் மைக் தாங்கி வழியாக ஏறி, பதிவில் தொலைவில் யாரோ நடப்பதுபோலக் கேட்கிறது.

பதில்கள் சுருங்கச் சுருங்கத் தொகுப்பாளர் கேள்விகளை விரைவாக அடுக்கினார். ஏழெட்டு நிமிடம் கழிந்ததும் குரலை உயர்த்தி, "உங்களுக்குப் பேச விருப்பமில்லை போலிருக்கிறது?" என்றார். அது மட்டும் விருந்தினருக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. "வாசிக்கத்தான் வந்தேன், விளக்கம் சொல்ல வரவில்லை" என்றார். அதன் பின் இருவருக்கும் இடையே இணக்கம் திரும்பவில்லை. 24 நிமிடத்துக்குத் திட்டமிட்ட நேர்காணலை 14-ஆம் நிமிடத்தில் ஒரு பாடலை ஒலிக்கவிட்டு முடித்தோம். விருந்தினர் எழுந்து, எல்லோருக்கும் நன்றி சொல்லி, கைகொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த நன்றியை நேயர்கள் கேட்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் வேண்டாவெறுப்பான ஒரு குரலைத்தான். அன்றிரவு வந்த செய்திகளில் பெரும்பாலானவை, தலைக்கனம் பிடித்த மனிதர் என்று அவரைத் திட்டியவை.

பதிவை மீண்டும் கேட்டபோது

மறுநாள் தொகுப்பாளரும் ஒலிப்பொறியாளரும் நானும் பதிவைக் கடிகாரத்தோடு கேட்டோம். 14 நிமிடத்தில் 31 கேள்விகள் கேட்கப்பட்டிருந்தன. மிக நீண்ட பதிலே 22 வினாடிதான். தொகுப்பாளர் தன் குரலைக் கேட்டு வருந்தினார். ஆனால் அன்றைய எங்கள் முடிவு, விருந்தினர் ஒத்துழைக்கவில்லை, தொகுப்பாளர் பொறுமை இழந்தார் என்பதோடு நின்றுவிட்டது. கேள்விக்கும் பதிலுக்கும் பொருத்தமே இல்லாமல் இருந்ததை மூவரும் கேட்டோம். அதற்குக் காரணம் அலட்சியம் என்று மூவருமே எடுத்துக்கொண்டோம். ராக் கலைஞர் இப்படித்தான் இருப்பார் என்ற கதை எங்கள் மனத்தில் முன்பே இருந்ததால், வேறு காரணத்தைத் தேட எங்களுக்குத் தோன்றவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

அன்று நான் தொகுப்பாளருக்கு நினைவூட்டிய ஒரு பழைய நேர்காணல் உண்டு. 1976 டிசம்பர் 1 அன்று, பிரிட்டனில் தேம்ஸ் தொலைக்காட்சியின் மாலை நிகழ்ச்சி ஒன்றுக்கு குவீன் ராக் குழு வர இயலாமல் போக, அவர்களுக்கு மாற்றாக செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழு வந்தது. தொகுப்பாளர் பில் கிரண்டி அவர்களைச் சீண்டி, அதிர்ச்சி தரும்படி ஏதாவது சொல்லுங்கள் பார்ப்போம் என்ற தொனியில் தூண்ட, நேரலையிலேயே வசைச்சொற்கள் வந்து விழுந்தன. கிரண்டி இரண்டு வாரம் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். குழுவின் கச்சேரிகள் பல ரத்தாயின; அடுத்த மாதமே இசைத்தட்டு நிறுவனமான ஈஎம்ஐ அவர்களைக் கைவிட்டது. விருந்தினரிடம் எதை எதிர்பார்த்துப் போகிறோமோ அதையே நம் கேள்வி வரவழைத்துவிடும் என்பதற்காக அதைச் சொன்னேன். சொன்ன நானே, எங்கள் விருந்தினரிடம் நாங்கள் என்ன எதிர்பார்த்தோம் என்பதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

உண்மை தெரியவந்தது தற்செயலாகத்தான். நேர்காணலைப் பாதியில் முடித்ததற்கு வருத்தம் தெரிவிக்க, மூன்று நாள் கழித்துக் குழுவின் மேலாளருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவரை எந்தப் பக்கம் உட்கார வைத்தீர்கள்?" என்று கேட்டார்.

கிட்டார் கலைஞருக்கு இடது காதில் கேட்கும் திறன் பெருமளவு போய்விட்டிருந்தது. இரண்டு காதுகளிலும் இரைச்சலும் உண்டு. சவுண்ட் செக் முடிந்த சில மணி நேரத்துக்கு அந்த இரைச்சல் கூடுதலாக இருக்கும். ராக் மேடையில் இது அரிதான நோயல்ல. வேலையிடங்களில் 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் ஓர் அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அப்படிக் கணக்கிட்டால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் மிஞ்சும். ராக் கச்சேரியின் மேடை ஒலி எளிதாக அந்த அளவைத் தாண்டும். த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தன் காது இரைச்சலைப் பற்றிப் பல ஆண்டுகளாக வெளிப்படையாகப் பேசி வருகிறார். ஏசி/டிசி குழுவின் பிரையன் ஜான்சன் 2016-இல் கேட்கும் திறனை முழுதும் இழக்கும் அபாயத்தால் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார். ராக் கிட்டார் கலைஞரான எரிக் கிளாப்டன் தன் செவி மங்குவதைச் சொன்னது 2018-இல் பிபிசி ரேடியோ 2-க்கு அளித்த ஒரு வானொலி நேர்காணலில்தான். இவையெல்லாம் தொகுப்பாளருக்குத் தெரிந்த செய்திகள். தெரிந்த செய்தியை எதிரே அமர்ந்திருந்த மனிதரோடு சேர்த்துப் பார்க்கத் தவறிவிட்டோம்.

இப்போது எல்லாம் புரிந்தது. பேச்சின் அடியில் நாங்கள் ஓடவிட்ட பின்னணி இசை, கேட்கும் திறன் குறைந்தவருக்குச் சொற்களை முற்றிலும் கரைத்துவிடும். அதனால்தான் அவர் ஹெட்போனைக் கழற்றினார். கழற்றிய பின் அவருக்கு எஞ்சியது, கேளாத காதின் பக்கமிருந்து வந்த ஒரு மென்மையான குரல். வாயைப் பார்த்துக் கேள்வியை ஊகித்துப் பதில் சொன்னார். அந்த உழைப்பைத்தான் நாங்கள் தலைக்கனம் என்று படித்தோம்.

நகைச்சுவைக் கலைஞருடன் நடந்த பதிவு

மேலாளருடன் பேசியதற்கும் கிட்டார் கலைஞரை மீண்டும் அழைத்ததற்கும் இடையில் இரண்டாவது நேர்காணல் நடந்தது. இனி நேரலை வேண்டாம், பதிவு செய்து ஒலிபரப்புவோம் என்று அதற்குள் முடிவு செய்திருந்தோம். மௌனம் வந்தாலும் பதற்றம் வராது என்பது அதற்கான காரணம்.

இந்த விருந்தினரிடம் சிக்கல் நேரெதிர் திசையில் இருந்தது. அமர்ந்த நொடியிலிருந்து பேச்சு பெருகியது. தொகுப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார், நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிரித்தோம், நேர்காணல் அருமையாகப் போகிறது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். இருபது நிமிடம் ஆன பிறகுதான் ஒலிப்பொறியாளர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "இது அவருடைய மேடை நிகழ்ச்சி. இதுவரை ஒரு கேள்விக்கும் அவர் பதில் சொல்லவில்லை."

அவர் கவனித்தது இன்னொன்றும் உண்டு. மேடையில் கைமைக்கைப் பிடித்தே பழகியவர் அந்தக் கலைஞர். எங்கள் அறையில் மைக் ஒரு கரத்தில் பொருத்தப்பட்டிருந்தது. அதைப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் மேடைத் துணுக்கு ஒன்றைத் தொடங்குவதற்குச் சற்று முன், ஒவ்வொரு முறையும், அவருடைய வலது கை தானாக எழுந்து மைக்கின் கழுத்தைப் பிடித்தது. முகம் மைக்கை நெருங்கியது. நெருங்கும்போது அடித்தொனி கூடிக் குரல் கனத்தது. துணுக்கு முடிந்ததும் கை மடிக்குத் திரும்பியது. கை மடியில் இருந்த அந்தச் சில வினாடிகளில் மட்டும் குரல் வேறு ஒருவருடையதாக இருந்தது.

தொகுப்பாளரின் ஹெட்போனில் மட்டும் கேட்கும் டாக்பேக் வழியாக இதை அவருக்குச் சொன்னேன். அவர் எடுத்த முடிவு எனக்கு முதலில் கடுமையாகத் தோன்றியது: சத்தமாகச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது, கண்கள் கலைஞரின் மேலேயே இருந்தன. சிரிப்பொலி மட்டும் இல்லை. மேடையில் கலைஞர் தன் அடுத்த வரியைச் சிரிப்பு அடங்கும் இடம் பார்த்துத்தான் வைக்கிறார். ஒருவர் மட்டும் இருக்கும் அறையில், அந்த ஒருவரின் சிரிப்பு அவரை மேடையிலேயே நிறுத்தி வைத்துவிடும். சிரிப்பொலி நின்றதும் கலைஞரும் ஓரிரு நிமிடத்தில் தணிந்தார். கை மடியில் இருந்த ஒரு தருணத்தில் தொகுப்பாளர் கேட்டார்: "சற்று முன் சொன்னீர்களே, அப்பா சாவி தேடும் வரி. அதை எத்தனை முறை மாற்றி எழுதினீர்கள்?"

கலைஞர் பையிலிருந்து ஓரம் மடங்கிய ஒரு நோட்டை எடுத்தார். அந்த வரி முதலில் நான்கு வாக்கியமாக இருந்ததையும், ஒவ்வொரு மேடைக்குப் பிறகும் ஒரு சொல்லாவது உதிர்ந்து கடைசியில் ஒரே வாக்கியமாக ஆனதையும் பக்கம் பக்கமாகக் காட்டினார். சிரிப்பை எழுப்பும் சொல் வாக்கியத்தின் கடைசியில் விழ வேண்டும்; நம் மொழியிலோ வினைச்சொல்தான் கடைசியில் வந்து நிற்கும்; ஆகவே சிரிப்புச் சொல்லுக்குப் பின்னால் ஒரு "இருக்கிறது" கூட மிஞ்சிவிடாதபடி வாக்கியத்தைத் தலைகீழாகக் கட்ட வேண்டியிருக்கிறது என்று அவர் விளக்கிய ஆறு நிமிடம், இந்தத் தொடர் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நகைச்சுவையை ஒரு கைத்தொழிலாக எடுத்துக் காட்டிய பேச்சு அது.

அதன் தொடர்ச்சியாக, தானாகவே, அந்த வரியை இப்போதெல்லாம் மேடையில் சொல்வதில்லை என்றார். ஏன் என்று தொகுப்பாளர் கேட்கவில்லை, காத்திருந்தார். அப்பாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது என்றும், சாவி எது என்பதே இப்போது அவருக்குத் தெரியவில்லை என்றும் கலைஞர் சொன்னார். பிறகு மூன்று நிமிடம் தந்தையின் நாட்களைப் பற்றிப் பேசினார். இரண்டு முறை குரல் உடைந்தது.

நீக்கச் சொல்லி வந்த அழைப்பு

இரண்டு நாள் கழித்து, அந்த மூன்று நிமிடத்தை ஒலிபரப்ப வேண்டாம் என்று கலைஞர் கேட்டார். பதிவுக்கு முன்பே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார். நிலைய விதிகளின்படி ஒலிபரப்ப எங்களுக்கு உரிமை இருந்தது. தொகுப்பாளருக்கு அதை விட மனமில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இல்லை. அந்தப் பகுதி இல்லாமல், அந்த வரியைக் கைவிட்டதன் கனம் நேயருக்கு எப்படிப் புரியும் என்று வாதாடினோம். அவர் தந்தையைப் பற்றி மேடையில் பல ஆண்டுகளாகப் பேசியவர்தானே என்ற வாதமும் எழுந்தது.

அந்த இரண்டாவது வாதம் தவறு என்று நான் கண்டுகொள்ள உதவியது ஒரு பழைய வழக்கு. நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் வசைச்சொற்களைப் பற்றிப் பேசிய ஓர் உரையை நியூயார்க்கின் டபிள்யூபிஏஐ வானொலி 1973 அக்டோபரில் ஒரு பிற்பகலில் ஒலிபரப்பியது. சிறுவனான மகனோடு காரில் அதைக் கேட்ட ஒருவர் முறையிட, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-இல் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு, அந்த ஒலிபரப்பைக் கண்டித்த அரசு ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சாதகமாக வந்தது. அந்தத் தீர்ப்பை நான் முழுதும் ஏற்பவன் அல்லன். ஆனால் அதன் அடியில் உள்ள ஒரு கவனிப்பு சரியானது: அரங்குக்கு வருபவர் தெரிந்தே வருகிறார், வானொலி, கேட்பவரின் வீட்டுக்குள் தானாக நுழைகிறது. மேடையில் கலைஞர் சொன்னது அந்த இரவோடு, அந்த அரங்கில் இருந்தவர்களோடு முடிந்துவிடும். நாங்கள் ஒலிபரப்பினால், தந்தையை அறிந்த எல்லோர் வீட்டிலும் அது ஒலிக்கும்.

எங்கள் முடிவை நிர்ணயித்த காரணம் இன்னும் எளியது. கையெழுத்திட்டவர் கலைஞர், விவரிக்கப்பட்டவர் தந்தை. தந்தையால் இனி ஒப்புதல் தரவோ மறுக்கவோ இயலாது. எனவே நோயைப் பற்றிய விவரங்களையும் குரல் உடைந்த இடங்களையும் நீக்கினோம். "அந்த வரியை இப்போது சொல்வதில்லை, அதில் வரும் மனிதர் மாறிவிட்டார்" என்று கலைஞர் சொன்ன வாக்கியத்தை அவருடைய சம்மதத்தோடு வைத்துக்கொண்டோம். முழுதும் வெட்டியிருந்தால் பேச்சின் பொருளே திரிந்திருக்கும். தங்கள் பீட்டில்ஸ் குழு இயேசுவைவிடப் பிரபலம் என்று ஜான் லெனான் 1966 மார்ச்சில் லண்டன் நாளிதழ் ஒன்றில் சொன்ன வாக்கியம் முதலில் எந்தச் சலனத்தையும் உண்டாக்கவில்லை. சில மாதம் கழித்து அமெரிக்க இதழ் ஒன்று அதைத் தனியே எடுத்து முன்னிறுத்தியபோதுதான் வானொலி நிலையங்கள் பீட்டில்ஸ் பாடல்களைத் தடை செய்யும் அளவுக்குப் போனது. வெட்டியதும், வெட்டிய பின் எஞ்சியது எதன் அருகில் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பதில் ஒலிப்பொறியாளர் பிடிவாதமாக இருந்தார். வெட்டிய இடத்தில் அறையின் வெறும் ஒலியை நான்கு வினாடி ஒட்டினார், அங்கே ஏதோ சொல்லப்படாமல் விடப்பட்டது என்று நேயர் உணரும்படி.

ஒலிபரப்புக்கு முன் விருந்தினருக்குப் பதிவைக் கேட்கத் தருவதில்லை என்பது நிலைய வழக்கம். இந்த ஒரு முறை அதை மீறினோம். மூத்த ஆசிரியர் ஒருவர், இது தவறான முன்மாதிரி ஆகிவிடும் என்று எதிர்த்தார். அவருடைய அச்சத்தில் நியாயம் உண்டு. பதவியிலும் செல்வாக்கிலும் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையை ஒருபோதும் தரக்கூடாது என்று நானும் நினைக்கிறேன்.

கிட்டார் கலைஞர் திரும்ப வந்தபோது

ஆறாவது வாரம் கிட்டார் கலைஞர் மீண்டும் வந்தார். வர ஒப்புக்கொண்டதே பெருந்தன்மை. ஒரே நிபந்தனை விதித்தார்: தன் காதைப் பற்றி ஒலிபரப்பில் எதுவும் வரக்கூடாது. தொகுப்பாளருக்கு இது வேதனையாக இருந்தது. நேயர்கள் அவரைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள், அதை நேராக்க உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த உண்மை சொல்லத் தங்களுக்கு உரிமை இல்லாதது. கடைசியில் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அவர் இப்படிச் சொன்னார்: "முதல் முறை இவர் வந்தபோது, இவர் வசதியாகப் பேசுவதற்கான அறையை நான் தயார் செய்திருக்கவில்லை. அந்த நேர்காணல் கெட்டது என் தவறு." அது முழு உண்மை, யாருடைய நோயையும் வெளியிடவும் இல்லை.

அறையில் மாற்றங்கள் சிறியவை. விருந்தினரைத் தொகுப்பாளரின் இடப்பக்க நாற்காலியில் அமர்த்தினோம், குரல் அவருடைய வலது காதுக்கு வரும்படி. பேச்சின் அடியில் இசை இல்லை. ஹெட்போன் அவர் விருப்பம். இரவுக் கச்சேரி இல்லாத நாளின் காலை நேரத்தைத் தேர்ந்தோம். கிட்டாரையும் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் சிறிய ஆம்ப் ஒன்றையும் கொண்டுவரச் சொன்னோம்.

தொகுப்பாளர் 40 நிமிடத்தில் 11 கேள்விகள்தான் கேட்டார். முதல் கேள்வி ஆல்பத்தின் தொடக்கத்தில் வரும் ஒரே ஒரு நீண்ட ஒலியைப் பற்றியது. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். ஒன்பது வினாடி எந்தப் பதிலும் இல்லை. ஒலிப்பொறியாளரின் கை பழக்கத்தில், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நோக்கிப் போனது; நான் தடுத்தேன். பிறகு கலைஞர் கிட்டாரை எடுத்து, ஆம்பை இணைக்காமல், ஒரு தந்தியை மட்டும் மீட்டினார். மெல்லிய, வற்றிய ஒலி. ஆம்பை இணைத்து அதே தந்தியை மீட்டி, எழுந்து ஆம்பின் எதிரே போய் நின்றார். ஆம்பிலிருந்து வரும் ஒலி தந்தியைத் திரும்ப அதிரச் செய்கிறது, அந்த அதிர்வு மீண்டும் ஆம்புக்குப் போகிறது, அதனால் ஒலி அடங்காமல் நிற்கிறது என்று சொல்லி, அரை அடி பின்வாங்கினார். சுருதி தாவி மேலே ஏறியது. "நான் நிற்கும் இடமும் இந்த வாத்தியத்தில் ஒரு பகுதி" என்றார். அங்கிருந்து நான்கு நிமிடம் இடைவிடாமல் பேசினார்: சிறுவயதில் பக்கத்து அறைக்குக் கேட்காமல் வாசிக்கப் பழகியது, டிரம்ஸ் கலைஞரோடு பத்து ஆண்டுகளாக ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே நொடியில் நிறுத்தக் கற்றது, ஒவ்வொரு ஊரிலும் மேடை மாறும்போது அந்த ஒலிக்கான இடத்தைச் சவுண்ட் செக்கில் காலடி வைத்துத் தேடுவது.

மனிதரைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஒரு பொருளைப் பற்றிக் கேள் என்று அன்று என் குறிப்பேட்டில் எழுதினேன். இது புதிய கண்டுபிடிப்பல்ல. தனித்தீவுக்கு எடுத்துச் செல்ல எட்டு இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பிபிசியின் நிகழ்ச்சி 1942-இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. விருந்தினர் இசைத்தட்டைப் பற்றிப் பேசத் தொடங்கித் தன்னைப் பற்றிப் பேசி முடிக்கிறார். எங்கள் விருந்தினர் இருவரிடமும் அந்தப் பொருள் வெவ்வேறாக இருந்தது. கிட்டார் கலைஞருக்குச் சொல் இரண்டாவது மொழி, ஆகவே ஒலியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நகைச்சுவைக் கலைஞருக்குச் சொல்தான் கவசம், ஆகவே ஒரே ஒரு சொல்லை எடுத்து, அது எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டியிருந்தது.

இது எல்லோரிடமும் பலித்ததா என்றால், இல்லை. எட்டாவது வாரம் வந்த டிரம்ஸ் கலைஞரிடம் ஒரு சிறு டிரம்ஸைக் கொடுத்தோம். அவர் மகிழ்ச்சியாக வாசித்துக்கொண்டே இருந்தார், பேசவில்லை.

ஒலிபரப்புக்குப் பின்

கிட்டார் கலைஞரின் இரண்டாவது நேர்காணலுக்கு வந்த செய்திகளில் முதல் முறை அவரைத் திட்டிய சிலரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்ததை மேலாளருக்கு அனுப்பினோம். தொகுப்பாளர் தன் தவறு என்று சொன்னதை நிலையத்துக்குள் சிலர் விரும்பவில்லை. நிலையத்தின் மதிப்பு குறையும் என்றார்கள். அப்படி எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நகைச்சுவைக் கலைஞர் ஒலிபரப்பான இரவு ஒரு வரி அனுப்பினார்: வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்டோம். அந்த வீட்டில் தந்தையும் இருந்திருப்பார். நீக்கிய மூன்று நிமிடத்தை அழித்துவிடும்படியும் கேட்டிருந்தார். மூலப் பதிவையும் அதன் நகலையும் தொகுப்பாளரின் முன்னிலையில் அழித்தோம்.

மாற்றிக்கொண்டவையும் இன்னும் மாற்ற வேண்டியவையும்

இப்போது ஒவ்வொரு விருந்தினரிடமும் முன்கூட்டியே, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வசதி, ஹெட்போன் வேண்டுமா, எந்த நேரத்தில் குரல் தெளிவாக இருக்கும் என்று கேட்கிறோம். நோய் இருக்கிறதா என்று கேட்பதில்லை. வசதியைக் கேட்டால் வேண்டியவர் வேண்டியதைச் சொல்லிவிடுகிறார். விருந்தினர் ஹெட்போனைக் கழற்றினால் அதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அடுத்த பாடலின்போது காரணம் கேட்பது இப்போது ஒலிப்பொறியாளரின் பொறுப்பு. அன்றைக்கு இந்த ஒன்றைச் செய்திருந்தாலே நேரலை தப்பியிருக்கும்.

ஒப்புதல் படிவத்தில் இரண்டு வரி சேர்த்தோம்: விருந்தினர் தன்னைத் தவிர வேறொருவரின் உடல்நிலையைப் பற்றிப் பேசினால், ஒலிபரப்புக்கு முன் அந்தப் பகுதியை மட்டும் அவரோடு மீண்டும் பேசி முடிவு செய்வோம். முழுப் பதிவையும் கேட்கத் தருவதில்லை என்ற வழக்கம் அப்படியே இருக்கிறது. மூத்த ஆசிரியர் இந்த எல்லையை ஏற்றுக்கொண்டார்.

சிரிப்பொலியை நிறுத்திக்கொண்டதைப் பற்றித் தொகுப்பாளருக்கும் எனக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. விருந்தினரை அது ஒரு கணமேனும் தனிமையில் விட்டிருக்கும், முதலிலேயே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார் அவர். சொல்லியிருந்தால் அந்த நோட்டு வெளியே வந்திருக்காது என்பது என் எண்ணம். அடுத்த தொடரில் அவர் வழியைச் சோதித்துப் பார்க்கப் போகிறோம்.

முதல் நேரலையின் 14 நிமிடப் பதிவு நிலையக் காப்பகத்தில், யார் வேண்டுமானாலும் கேட்கும்படி இன்றும் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது தொகுப்பாளரின் கோரிக்கை. கிட்டார் கலைஞரிடம் கேட்டோம். இரண்டாவது பதிவை அதன் பக்கத்திலேயே வைத்தால் முதலாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ், அடுத்தடுத்து வைத்திருக்கிறோம்.